இரங்கத் தெரியாதவனுக்கு இரங்கலாமா?

சீடன்: குருவே, ஒருவன் கடன் வாங்கிவிட்டுக் கம்பி நீட்டுகிறான். கேட்கப் போனவரை அடிக்கிறான். அழுதவரைப் பார்த்து, "ஏமாந்தது உன் தப்பு" என்கிறான். மருத்துவர்களோ அவனுக்கு ஆளுமைக் கோளாறு என்கிறார்கள். அயோக்கியத்தனத்துக்கு மருத்துவப் பெயர் வைத்துவிட்டால் குற்றம் குற்றமில்லை என்று ஆகிவிடுமா?

குரு: ஆகாது. அதே சமயம், எல்லா அயோக்கியனுக்கும் அந்தப் பெயரை வைப்பதில்லை. ஆத்திரத்தில் ஒரு முறை கைநீட்டியவன் இதில் சேர மாட்டான். கூச்சத்தால் கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறவனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று முடிவு செய்ய, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு நிபந்தனைகள் விதிக்கிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். சட்டத்தை மீறுவது, பொய்யும் ஏமாற்றும், முன்பின் யோசிக்காமல் இறங்குவது, அடிதடி, தன் உயிரையும் பிறர் உயிரையும் மதிக்காமை, பொறுப்பின்மை, செய்ததற்கு வருந்தாமை என்ற ஏழில் குறைந்தது மூன்று வாழ்க்கைப் போக்காகவே ஊறியிருக்க வேண்டும். 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு தலைகாட்டியதற்குச் சான்றும் வேண்டும்.

சீடன்: சிறுவயதிலேயே தலைகாட்டுகிறது என்றால் அது பிறவிக் குணம்தானே?

குரு: பாதி உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், ஏறத்தாழ பாதிப் பங்கு மரபுவழி வருவதாகச் சொல்கின்றன. மீதிப் பாதியில் அடி, புறக்கணிப்பு, சிதைந்த வீடு, கெட்ட சகவாசம் எல்லாம் இருக்கின்றன. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் ஆண்பிள்ளைகளைப் பற்றி 2002இல் ஒரு கட்டுரை வந்தது. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உடைய பிள்ளைகள் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானபோது, பெரியவர்களாகி வன்முறையில் அதிகம் இறங்கினார்கள். அதே மரபணு இருந்தும் கொடுமைப்படாத பிள்ளைகளிடம் அந்தப் போக்கு தென்படவில்லை. விதை மட்டும் விளைச்சலைத் தீர்மானிப்பதில்லை, மகனே.

சீடன்: இருக்கட்டும். வளர்ந்து நிற்பவனைப் பற்றிக் கேட்கிறேன். பிறர் வலி அவனுக்கு உறைக்கவே உறைக்காது என்றால், அவனைக் குற்றவாளி என்பது நியாயமா? பார்வையற்றவனிடம் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது போல ஆகாதா?

குரு: நல்ல கேள்வி. இந்தக் கோளாறோடு நெருங்கிய தொடர்புள்ள, இன்னும் இறுகிய நிலை ஒன்றைச் சைக்கோபதி என்பார்கள். அந்த நிலையில் இருந்த குற்றவாளிகளை நெதர்லாந்தில் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துச் சில காட்சிகளைக் காட்டினார்கள். திரையில் இரண்டு கைகள் மட்டும். ஒரு கை மற்றதை அன்பாகத் தடவுகிறது. அடுத்த காட்சியில் வலிக்கும்படி செய்கிறது. இன்னொன்றில், நீண்டு வந்த கையைத் தள்ளிவிடுகிறது. சும்மா பார்க்கச் சொன்னபோது, அடுத்தவர் அனுபவத்தை நம் அனுபவம் போல உணரவைக்கும் மூளைப் பகுதிகள் அவர்களிடம் மந்தமாகவே இருந்தன. பிறகு, "அந்தக் கைக்கு உரியவர் என்ன உணர்கிறாரோ அதை உணர முயன்று பாருங்கள்" என்றார்கள். மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இது 2013இல் வெளியான ஆய்வு.

சீடன்: அப்படியானால் ஆற்றல் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. தானாக எழுவதில்லை, அவ்வளவுதான்.

குரு: சரியாகப் பிடித்தாய். நமக்கு இரக்கம் கேட்காமலே வந்துவிடுகிறது. அவன் முயன்று வரவழைக்க வேண்டும். முயல்வதற்கோ அவனுக்கு ஒரு காரணமும் தோன்றுவதில்லை. ஆனால் தான் செய்வது தவறு என்று ஊர் சொல்லும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிவதால்தான் மறைக்கிறான், பொய் சொல்கிறான், தப்பி ஓடுகிறான். ஆகவே பொறுப்பு அவனை விட்டுப் போகவில்லை. அவனோடு வாழ நேர்ந்தவர்களும் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். அவனைப் புரிந்துகொள்ளலாம், அதற்காகப் பெட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. அடிபடும் மனைவி விலகிப் போவதும் காவல் நிலையத்துக்குப் போவதும் இரக்கத்துக்கு விரோதமான செயல்கள் அல்ல.

சீடன்: அவனைத் திருத்த முடியுமா?

குரு: தவறான வழியில் போனால் நிலைமை இன்னும் கெடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பெனட்டாங்குவிஷீன் என்ற ஊரின் உயர்பாதுகாப்பு மனநல மருத்துவமனையில், 1960களில் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. குற்றவாளிகள் ஒருவர் மனத்தை ஒருவர் திறந்து, நாள் முழுக்க உணர்வுகளைப் பேசவேண்டும் என்பது ஏற்பாடு. 1992இல் கணக்குப் பார்த்தபோது, சைக்கோபதி இல்லாதவர்களுக்குப் பலன் கிடைத்திருந்தது. சைக்கோபதி உள்ளவர்களோ, சிகிச்சை பெறாத அதே வகையினரைவிட அதிகமாக வன்முறைக்குத் திரும்பியிருந்தார்கள். பிறர் உணர்வைப் படிக்கக் கற்றதை, பிறரை வளைக்கும் கருவியாக அவர்கள் ஆக்கிக்கொண்டிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

சீடன்: கேட்கவே நம்பிக்கை போகிறது.

குரு: பொறு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மெண்டோட்டா சிறார் சிகிச்சை மையம் 1995இல் தொடங்கியது. மற்றச் சிறார் சிறைகள் சமாளிக்க முடியாமல் அனுப்பிய பையன்கள் அங்கே வந்தார்கள். தண்டனை ஏற ஏற முரட்டுத்தனமும் ஏறிய பிள்ளைகள் அவர்கள். அங்கே ஒரு பையன் இன்று எப்படி நடந்துகொண்டான் என்று அன்றன்றே குறிக்கிறார்கள். நாளை அவனுக்கு என்ன சலுகை என்பது அதைப் பொறுத்தது. நேற்றைய கணக்கு அவன் தலையில் ஏறி உட்காருவதில்லை. திட்டி, முரண்டுபிடித்து விரட்டினாலும் ஊழியர்கள் மறுநாள் மறுபடி வந்து பேசுகிறார்கள். வெளியே போன பிறகு இவர்கள் வன்முறையில் இறங்கியது, வழக்கமான சிறார் சிறையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதிதான்.

சீடன்: அப்படியென்றால் முரட்டுப் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே அடையாளம் கண்டு பிரித்து வைத்துவிட்டால் என்ன?

குரு: அந்தத் தவறை மட்டும் செய்துவிடாதே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர், சிறுவர் மனநல நிலையத்துக்கு வந்த 524 பிள்ளைகளை முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார். 1966இல் அது புத்தகமாக வந்தது. அவருடைய ஆய்வுகள் சொன்னவை இரண்டு. சமூக விரோதப் போக்குள்ள பெரியவர்கள் அனேகமாக எல்லாருமே சிறுவயதில் அப்படி இருந்தவர்கள். ஆனால் அப்படி இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட பெரியவர்களாக ஆகவில்லை. முதல் உண்மையை மட்டும் பிடித்துக்கொள்கிறவர் பிள்ளைக்கு முத்திரை குத்துவார். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்தான் உதவுவார்.

சீடன்: நான் செய்ய வேண்டியது என்ன, குருவே?

குரு: பன்னிரண்டு வயதில் பூனையைச் சித்திரவதை செய்து, திருடி, கேட்டால் கல் போல நிற்கிற பையனைப் பள்ளி டி.சி. கொடுத்து அனுப்புகிறது. வீட்டில் பெல்ட் அடி கிடைக்கிறது. இரண்டும் அவனுக்குக் கற்றுக்கொடுப்பது ஒன்றே: வலுத்தவன் சொல்வதுதான் நியாயம். அவனைக் குழந்தை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போ. பெற்றோருக்கு, அடிக்காமல் கண்டிப்பாக வளர்க்கும் பயிற்சி கிடைக்கச் செய். சைக்கோ என்று அவனை யாரும் கூப்பிட விடாதே. வளர்ந்தவன் செய்த குற்றத்துக்கு அவனே பொறுப்பு. வளர்கிறவன் எப்படி ஆகிறான் என்பதற்கு நாம் எல்லோரும் பொறுப்பு.