வெளியிலிருந்து எழுப்பணும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு ரூட்டரை நானே சாகடித்தேன்.

கடையில் விற்கும், ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் ரகம் அல்ல அது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதில் ஓப்பன்சென்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு ரூட்டராக்கிக் கொடுத்தவன் என் அக்கா பையன். "அப்கிரேட் பண்றப்ப மட்டும் கரண்ட் போகக் கூடாது மாமா" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனான். நான் பட்டனை அழுத்திய ஏழாவது நிமிடம் கரண்ட் போனது.

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் பெட்டி எழுந்திருக்கப் பார்த்தது. அதே இடத்தில் தடுக்கி விழுந்தது. இன்டர்நெட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் என் மரியாதை எப்படி இருந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் மருமகன் வந்தான். சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். "எத்தனை தடவை ஆன் பண்ணினாலும் இப்படித்தான் மாமா. கெட்டுப்போன சிஸ்டத்தை வெச்சு அதையே ரிப்பேர் பண்ண முடியாது. வெளியிலிருந்து எழுப்பணும்" என்று பையிலிருந்து ஒரு யு.எஸ்.பி. டிரைவை எடுத்தான்.

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். சிதைந்தது டிஸ்க்கில் இருந்த சிஸ்டம். ஆனால் மதர்போர்டில், தனிச் சில்லு ஒன்றில், பயாஸ் என்று ஒரு குட்டி நிரல் குடியிருக்கிறது. டிஸ்க்கில் பிரளயமே வந்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். பவர் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். அதனிடம், 'டிஸ்க்கை விடு, யு.எஸ்.பி.யைப் பார்' என்று சொல்ல வேண்டும். யு.எஸ்.பி.யில் முழு சிஸ்டமும் பூட் ஆகும்படி எழுதப்பட்டிருக்கிறது. பெட்டி அதிலிருந்து எழுந்தது. டிஸ்க்கில் மிஞ்சியிருந்த என் செட்டிங்குகளைப் படித்து எடுத்துக்கொண்டது. அவ்வளவும் ஒரே ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்புதான். பிறகு பழையதை அழித்துப் புதிதாக நிறுவினான். அரை மணி நேரத்தில் வீடு பழைய சந்தோஷத்துக்குத் திரும்பியது.

நான்தான் திரும்பவில்லை. மருமகன் சொன்ன வாக்கியம் உள்ளே குடைந்தது.

காமர்ஸில் ஒரு பாடம் உண்டு. கணக்கு எழுதினவனே தணிக்கை செய்யக் கூடாது. அவன் திருடன் என்பதால் அல்ல. எழுதும்போது கண்ணில் படாத பிழை, சரிபார்க்கும்போதும் அவன் கண்ணில் படாது. கம்பெனிக்கு உள்ள இந்த விதி மனசுக்கு இல்லையா?

எனக்கும் என் அண்ணனுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பாவின் வீட்டை விற்ற விவகாரம். அந்த வழக்கை ராத்திரி ராத்திரி மனசுக்குள் விசாரித்திருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவன் நான், சாட்சி நான், நீதிபதியும் நான். தினமும் விடுதலை. இதற்கு 'சுயபரிசோதனை' என்று பெயர் வேறு வைத்திருந்தேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நண்பர்களிடமும் கேட்டேன். எல்லோரும் என் பக்கம்தான். என் வாயால் கதை கேட்டவர்கள் வேறு எந்தப் பக்கம் இருப்பார்கள்? அவர்கள் யு.எஸ்.பி. இல்லை, கெட்டுப்போன டிஸ்க்கின் காப்பி.

தன்னைத் தானே தள்ளி நின்று பார்ப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஓப்பன்சென்ஸின் மூதாதை மோனோவால் என்ற மென்பொருள். சுவிட்சர்லாந்துக்காரர் மனுவேல் காஸ்பர் 2003-ல் தொடங்கியது. இப்போது இதைவிட நல்லவை வந்துவிட்டன என்று 2015 பிப்ரவரியில் அவரே அதை மூடி, ஓப்பன்சென்ஸ் பக்கம் கை காட்டினார். பெரிய மனசு. எனக்கு அது வாய்க்கவில்லை.

அதற்காக வெளியிலிருந்து வருவதெல்லாம் மருந்தாகிவிடாது. 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், யு.எஸ்.பி. டிரைவ்கள் வழியாகவும் பரவிய நாசகார நிரல். அதன் குறி ஈரானின் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்கள். அதனால்தான் மருமகன், கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்.ஹெச்.ஏ-256 எண்ணை, 64 எழுத்தையும், வெளியிட்டவர்கள் தந்ததோடு ஒப்பிட்ட பிறகே டிரைவில் எழுதியிருக்கிறான்.

எனக்கு அப்படி நம்பத் தகுந்த ஆள் யார்? எங்கள் இரண்டு பேரோடும் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் ஒரே ஜீவன், அக்கா. முகத்துக்கு நேரே திட்டக்கூடியவள். இரண்டு வருஷமும் பக்கத்திலேயேதான் இருந்தாள். டிரைவ் மேஜை மேலேயே கிடந்தால் என்ன, 'அங்கே பார்' என்று சொல்ல உள்ளே ஒரு துளி மிச்சம் இருக்க வேண்டுமே.

மறுநாள் போன் செய்தேன். "அக்கா, அந்த வீட்டு விஷயத்தில நான் என்ன தப்பு பண்ணேன்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இதைக் கேக்க உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சாடா?" என்றாள்.

மூன்று விஷயம் சொன்னாள். ஒன்று எனக்குத் தெரியவே தெரியாது. மற்ற இரண்டும் தெரியும். ராத்திரி விசாரணையில் அந்தச் சாட்சிகளை நான் கூப்பிட்டதே இல்லை.

அண்ணனுக்கு இன்னும் பேசவில்லை. இதை எழுதி முடித்ததும் பேசப் போகிறேன். நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.