உடைமையும் திறவுகோலும்

ஒரு பொருள் எம்முடையது என்று சொல்லும்போது நாம் எதனைக் கருதுகின்றோம்? அதற்கு விலை கொடுத்தோம் என்பதையா, பதிவுப் பத்திரத்தில் எமது பெயர் இருக்கின்றது என்பதையா, அன்றி அப்பொருளின் மீது எமக்கு ஆட்சி உண்டு என்பதையா? தத்துவ நூல்களில் எழுந்து அங்கேயே அடங்கிவிடும் வினா இது என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மோட்டார் வாகனமொன்றின் முகப்பிலுள்ள கையகலத் திரை, அது அன்றாட வாழ்வின் வினா என்பதை எமக்கு உணர்த்திற்று.

நிகழ்ச்சி மிகச் சிறியது. எமது வாகனம் ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடியபின் இந்நாட்டுக்கு வந்தது. இலங்கையின் வீதிகளிற் காணப்படும் கார்களில் மிகப் பல இத்தகையனவே. 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் கார்களின் இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், இருப்பதைப் பேணிக் காப்பது நடுத்தர வருவாயினருக்குக் கட்டாயமாயிற்று. ஆகவே தவணை தவறாது முகவர் நிலையமொன்றின் சேவைப் பகுதிக்கு வாகனத்தைக் கொண்டு சென்றோம். எண்ணெய் மாற்றினர், பிரேக் பார்த்தனர், தளர்ந்துபோன பற்றரியைக் கழற்றிப் புதியதை வைத்தனர். திரும்பி வந்த வாகனம் முன்னிலும் செம்மையாக ஓடிற்று. ஆனால் முகப்புத் திரை ஊமையாகிவிட்டது. ஜப்பானிய எழுத்தில் சில வரிகளும், இரகசிய இலக்கமொன்றைக் கேட்கும் வெற்றுக் கட்டமுமே அதில் எஞ்சியிருந்தன. வானொலி இல்லை, தொலைபேசி இணைப்பு இல்லை, வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்தும்போது பின்புறத்தைக் காட்டும் கமராப் படமும் இல்லை.

இது ஏன் நேர்ந்தது என்பதைச் சுருக்கமாக விளக்குதல் நன்று. மோட்டார் வாகனங்களிலிருந்து வானொலிப் பெட்டிகளைக் கழற்றித் திருடி விற்பது 1980களிலும் 1990களிலும் மேலை நாடுகளிற் பெருகியிருந்தது. அதனைத் தடுக்க உற்பத்தியாளர் ஓர் உபாயம் கண்டனர். பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டம் அறுந்தால், பெட்டி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். உரிய இலக்கத்தைக் கொடுத்தாலன்றித் திறவாது. திருடியவனுக்கு அதனால் பயனில்லை. ஆனால் கள்வனுக்காக இடப்பட்ட இந்தப் பூட்டு, கள்வன் மின்கம்பியை அறுப்பதையும், தொழிலாளி பற்றரியை மாற்றுவதையும் வேறுபடுத்தி அறியாது. இலக்கமோ ஜப்பானில் அவ்வாகனத்தை முதலில் வைத்திருந்தவரிடமோ, அவருக்கு விற்ற நிலையத்திலோ தங்கிவிட்டது. கடல் கடந்து வந்தது வாகனம் மட்டுமே; திறவுகோல் வரவில்லை. திரை நல்ல நிலையில் இருந்தபோதுங்கூட அது எமக்கு முழுமையாகப் பயன்பட்டதில்லை. ஜப்பானின் பண்பலை ஒலிபரப்பு 76 முதல் 95 மெகாஹேர்ட்ஸ் வரையானது. எமது ஒலிபரப்போ ஏறக்குறைய 88 முதல் 108 வரையானது. ஆகவே எமது நிலையங்களுட் சிலவற்றை மட்டுமே அது பிடித்தது. வேறொரு நாட்டவருக்காக ஆக்கப்பட்ட பொருளின் விளிம்பில் ஒண்டியிருந்தே நாம் அதனை எமதென்று சொல்லிவந்தோம்.

மறுநாள் சேவை நிலையத்துக்குச் சென்றோம். பற்றரியை மாற்றிய இளைஞன் அழைக்கப்பட்டான். இருபது வயதுக்கு மேலிராது. “சேர், நாங்கள் பற்றரியை மட்டுந்தான் மாற்றினோம். இந்தச் செற்றில் கை வைக்கவே இல்லை” என்றான். அவன் கூறியது உண்மை. எனினும் அவ்வேளையில் அது எமக்குச் சாட்டுப் போக்காகவே தோன்றிற்று. நாம் குரலை உயர்த்தினோம். வகுப்பறையிற் பழகிய குரலாதலால் அது கூடத்தின் மறுபுறம் வரை கேட்டிருக்கும். முகாமையாளர் விரைந்து வந்து மிக மரியாதையாகச் சொன்னார்: “சேர் கவலைப்பட வேண்டாம். வேறு செற் ஒன்று போட்டுத் தருகிறோம். இந்தத் தம்பியின் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வோம்.”

எமது குறை தீர்ந்தது. கேட்டதைத் தருவதாக ஒப்புக்கொண்டனர். ஆனால் எம் முன்னே நின்ற இளைஞன் ஒன்றும் பேசாது தன் கைகளிலிருந்த எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். இந்த ஈட்டை நாம் ஏற்பது நீதியாகுமா? இழப்பு எம்முடையது, அதற்கு ஈடு பெறும் உரிமையும் எமக்குண்டு. எனினும் எந்தக் கையிலிருந்து அந்த ஈடு வருகின்றது என்பதைப் பற்றி நாம் வினவத் தேவையில்லையா?

ஒருவன் ஒரு செயலுக்குப் பொறுப்பாளியாவதற்கு அச்செயலை அவன் செய்திருத்தல் மட்டும் போதாது. அதன் விளைவை அவன் அறிந்திருக்கவோ அறிந்திருக்கக்கூடிய நிலையில் இருக்கவோ வேண்டும். பற்றரியைக் கழற்றினால் திரை பூட்டிக்கொள்ளும் என்பதை அவ்விளைஞனுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனுக்குக் கொடுக்கப்பட்டது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்றே. பொருளை அறிந்து அதன் மீது தொழில் செய்பவன் ஒரு கைவினைஞன். பட்டியலைப் பார்த்துத் தொழில் செய்யுமாறு வைக்கப்பட்டவன் அப்பட்டியலின் ஓர் உறுப்பு. 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில், தொழிலாளி தனது உழைப்பின் விளைபொருளிலிருந்து அந்நியனாக்கப்படுவதைப் பற்றி மார்க்ஸ் எழுதினார். ஆலையிற் பொருளை ஆக்குபவனைக் குறித்தே அவர் எழுதினார் எனினும், இன்று பொருளைச் செப்பனிடுபவனுக்கும் அது பொருந்துகின்றது. தான் தொடும் பொருளின் உள்ளே நடப்பதை அறியும் வாய்ப்பு அவனுக்கு மறுக்கப்பட்டுள்ளது. பிழை நேர்ந்தால் அதன் விலை மட்டும் அவனுக்கு உரியதாகின்றது.

நிலையத்தின் பொறுப்போ வேறு வகையானது. பற்றரியைக் கழற்றும்போது, வேறொரு சிறு மின்னூற்றை இணைத்து நினைவகம் அழியாது காக்கும் வழக்கம் தொழிலறிந்தோர் மத்தியில் உண்டு. அதற்கான கருவி பெருவிலையுடையதன்று. அதனை வாங்கி வைப்பதும், இளைஞருக்குப் பழக்குவதும், இலக்கம் உம்மிடம் உளதா என்று வாகனத்தைக் கொண்டுவருபவரிடம் முன்கூட்டியே கேட்பதும் நிலையத்தின் கடமையாகும். இக்கடமையில் தவறியது நிறுவனம். ஈடு செலுத்த முன்னிறுத்தப்பட்டவனோ அதன் கடைசிப் படியில் நிற்பவன். உயரத்திற் பெய்த மழை பள்ளத்தில் தேங்குவது போல, மேலே நிகழும் தவறுகள் யாவும் கீழே நிற்பவனது தலையில் இறங்குவது எமது சமுதாய அமைப்பின் இயல்பாகிவிட்டது. அந்த ஓட்டத்துக்கு நாமும் வாய்க்கால் வெட்டிக் கொடுத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. நாம் இளைஞனிடம் குரலை உயர்த்தியது அவன் குற்றவாளி என்பதனாலன்று. எமது குரல் எட்டும் தொலைவில் அவன் நின்றான் என்பதனாலேயே. அந்தப் பூட்டை வடிவமைத்தவன் எட்டாத தொலைவில் இருந்தான்.

இங்கே தமிழ்ச் சொல்லொன்றை நோக்குதல் பொருந்தும். கெட்டதைச் சீராக்குவதை நாம் ‘பழுதுபார்த்தல்’ என்கின்றோம். பழுதை நீக்குதல் என்றோ ஒழித்தல் என்றோ வழங்காது, பார்த்தல் என்றே வழங்குகின்றோம். காண்பதே செம்மை செய்தலின் முதற்படி என்னும் அனுபவ உண்மை இவ்வழக்கில் அடங்கியிருக்கின்றது எனலாம். வண்டிச் சக்கரத்தின் அச்சையும், சைக்கிளின் சங்கிலியையும், பழைய மோட்டாரின் காபரேற்றரையும் கண்ணாற் கண்டு, காதாற் கேட்டு, கையாற் தொட்டு அறிய முடிந்தது. எந்தக் கிராமத்துக் கராச்சிலும் அந்தக் கல்வி இலவசமாகக் கிடைத்தது. இன்று வாகனத்தின் நடுவே ஒரு கணினி அமர்ந்திருக்கின்றது. அதன் பழுது கண்ணுக்குத் தெரிவதன்று; தெரிய வேண்டுமானால் காட்டப்பட வேண்டும். காட்டும் அதிகாரம் உற்பத்தியாளனிடமே உள்ளது. பார்க்க விடாமற் செய்துவிட்டுப் பழுதுபார் என்று ஒருவனைப் பணிப்பது எவ்வகை நீதி?

இது வறிய நாடுகளின் குறை மட்டுமன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பகுதியில், 94.9 பண்பலை வரிசையில் ஒரு பொது வானொலி நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்த 2014 முதல் 2017 வரையான மாஸ்டா கார்களின் திரைகள் செயலிழந்து, மீண்டும் மீண்டும் தாமே தொடங்கித் தாமே அணைந்துகொண்டிருந்தன. ஒலிபரப்புடன் அனுப்பப்பட்ட படக்கோப்புகளின் பெயரில் ஈற்றுக் குறி விடுபட்டிருந்தமையே காரணமாயிற்று. உறுப்பை மாற்ற 1,500 டொலர் வரை ஆகும் என்று உரிமையாளர் சிலருக்குக் கூறப்பட்டது. பின்னரே நிறுவனம் செலவை ஏற்க முன்வந்தது. வானொலி கேட்டதைத் தவிர அவர்கள் வேறெதுவும் செய்தாரில்லை. 2021ஆம் ஆண்டில் டெஸ்லா நிறுவனம் ஏறக்குறைய 135,000 கார்களைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது. திரையை இயக்கும் நினைவகச் சில்லு, எழுதி எழுதி அழிக்கப்படுவதால் சில ஆண்டுகளில் தேய்ந்து, பின்புறக் கமராவையும் கண்ணாடிப் பனி நீக்கும் கட்டுப்பாட்டையும் இழக்கச் செய்தது. அரசின் வீதிப் பாதுகாப்பு அமைப்பு தலையிட்ட பின்னரே இது நடந்தது. திரைப் பழுதை ஆடம்பரக்காரரின் அற்பக் குறை என்று ஒதுக்குவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். பின்னால் நிற்கும் குழந்தையைக் காட்டும் கண்ணாகத் திரை ஆகிவிட்ட பின், அதன் குருட்டுத்தன்மை உயிர் பற்றிய பிரச்சினையாகின்றது.

மறுதரப்பாரின் நியாயத்தையும் நாம் ஆராயாது விடலாகாது. திறவுகோலை எல்லோருக்கும் கொடுத்தால் தீயோர் கையிலும் அது சேருமே என்பது உற்பத்தியாளர் கூற்று. இக்கூற்று வெறும் பாசாங்கன்று. 2015ஆம் ஆண்டு இரண்டு ஆய்வாளர், வீதியில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றின் திரைக் கருவி வழியாகத் தொலைவிலிருந்தே உட்புகுந்து அதன் இயக்கத்தைத் தடுத்துக் காட்டினர். 14 இலட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆனால் இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் யாது? அந்தப் பாதை மூடுண்டு கிடந்த காலத்திலேயே ஓட்டையாக இருந்தது. உரிமையாளருக்கு மறைத்தமையால் அது அடைபடவில்லை. வெளியார் இருவர் நன்னோக்குடன் திறந்து பார்த்தமையாலேயே அடைபட்டது. பாதுகாப்பும் மறைப்பும் ஒன்றல்ல. மசாசுசெற்ஸ் மாநில மக்கள் 2020ஆம் ஆண்டு வாக்கெடுப்பில், வாகனத்தின் தரவுகள் உரிமையாளருக்கும் அவர் தெரிவு செய்யும் தொழிலாளிக்கும் திறக்கப்பட வேண்டும் என்று ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பளித்தனர். உற்பத்தியாளர் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர் என்பதிலிருந்தே அத்திறவுகோலின் பெறுமதியை உணரலாம்.

திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளில் உடைமை என்னும் சொல் பன்முறை வருகின்றது. அன்புடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, அறிவுடைமை என்ற அத்தொடர்களில் உடைமை என்பது பெட்டகத்திற் பூட்டி வைத்ததைக் குறிக்கவில்லை. உடையவனோடு ஒன்றிவிட்டதைக் குறிக்கின்றது. எமது காலத்து உடைமையோ இதற்கு நேர்மாறானது. பொருள் எம்மிடம் இருக்கின்றது. அதன் அறிவு வேறிடத்தில் இருக்கின்றது. அறிவுடைமை பிரிந்த பொருளுடைமை ஒருவகைக் குத்தகையேயாகும். குத்தகைக்காரனாவது தன் நிலத்தின் சொந்தக்காரன் யாரென அறிவான்.

நாம் அன்று அந்த ஈட்டை மறுத்தோம். சம்பளத்திற் கழிப்பதாயின் எமக்கு எதுவும் வேண்டாம் என்றும், நிலையம் தன் செலவில் இலக்கத்தைப் பெற்றுத் தர வேண்டும் என்றும், இன்றேல் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவோம் என்றும் எழுத்தில் கொடுத்தோம். இதிற் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. குரலை உயர்த்தியதன் பின்னர் செய்யப்பட்டது அது. நிலையம் முணுமுணுத்து ஏற்றது. ஐந்து வாரங்களின் பின், ஜப்பானில் தொடர்புள்ள ஒருவர் மூலம் இலக்கம் வந்து சேர்ந்தது. அதே இளைஞனே திரையைத் திறந்தான். நாம் அவனிடம், “தம்பி, அன்றைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது” என்றோம். அவன் சிரித்துவிட்டு, “பரவாயில்லை சேர்” என்று கூறி, அவ்விலக்கத்தை ஒரு கடதாசித் துண்டில் எழுதி முன்னறைப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டினான். பின்னர் தன் சட்டைப் பையிலிருந்த சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பற்றரி கழற்றுமுன் கேட்க வேண்டியவை என்று தலைப்பிட்டு, அதிலும் சில வரிகள் எழுதிக்கொண்டான்.

எந்த நிறுவனமும் அவனுக்குக் கொடுக்காத பாடத்தை அவன் தானே எழுதிக்கொள்கின்றான். ஒவ்வொரு கராச்சிலும் இத்தகைய குறிப்புப் புத்தகங்கள் இருக்கக்கூடும். அவை தனித்தனிச் சட்டைப் பைகளில் முடங்காது தொழிலாளரின் பொதுச் சொத்தாக வேண்டும். பொருளை விற்பவன் அதன் அறிவையும் சேர்த்தே விற்க வேண்டும் என்பது சட்டமாக வேண்டும். அதுவரை, பழுது நேரும்போதெல்லாம் அருகில் நிற்பவனை நோக்கி எமது விரல் நீளுமுன், திறவுகோல் யார் கையில் இருக்கின்றது என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வது எம் ஒவ்வொருவரதும் கடனாகும்.