வாய் சொல்லுது, மனசு எங்கே?



ஆபீஸ்ல சாப்பிடும்போது ஒரு நண்பர் கேட்டார். "கவசம் யூடியூப்ல இருக்கு, ஆப்ல இருக்கு, அர்த்தத்தோட பிடிஎஃப் இருக்கு. அப்புறம் எதுக்குப்பா மனப்பாடம்?" இதுக்கு எதையாவது சொல்லி சமாளிச்சிடலாம். அடுத்து அவர் கேட்டதுதான் குத்துச்சு. "பாதி நேரம் வேற எதையோ யோசிச்சுக்கிட்டுதானே சொல்ற? வாய் மட்டும் சொன்னா அது பக்தியா, பழக்கமா?"

நியாயமான கேள்விதான். நம்மில் பல பேருக்கு காலை பூஜை அப்படித்தான் போகுது. கந்த சஷ்டி கவசம் இருநூறு வரிக்கு மேல. விளக்கேத்தி ஆரம்பிச்சா வாய் பாதி கவசத்தைத் தாண்டியிருக்கும், மனசு பத்து மணி மீட்டிங்ல உட்கார்ந்திருக்கும். "சொல்லிக்கிட்டே இரு, பலன் கிடைக்கும்"னு பெரியவங்க சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பதில் போதலை. பலனுக்காகக் கணக்கு வச்சு 36 தடவை சொல்லி முடிச்சிட்டு, அடுத்த நிமிஷமே வாட்ச்மேனை வாடா போடான்னு பேசுறவரையும் பார்த்திருக்கேன்.

எனக்குப் பதில் மாதிரி ஒண்ணு கிடைச்சது எங்க ஆச்சிகிட்ட.

ஆச்சிக்கு மூளையோட இடது பக்கம் ஸ்ட்ரோக் வந்துச்சு. வலது கை, கால் விழுந்துருச்சு. பேச்சும் போச்சு. தண்ணி வேணும்னாலும் "அது", என்னைக் கூப்பிடணும்னாலும் "அது". நாம பேசுறது புரியும், பதில் சொல்ல வார்த்தை வராது. கண்ணுல தண்ணி வரும், முகத்தைத் திருப்பிக்குவாங்க. வீட்டுல சத்தமா சட்டம் பேசின மனுஷி.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா கட்டில் பக்கத்துல உட்கார்ந்து கவசம் சொல்ல ஆரம்பிச்சாங்க. நாலு வரி போயிருக்கும். ஆச்சி சேர்ந்துக்கிட்டாங்க. சூலமங்கலம் சகோதரிகள் பாடின அதே ராகம், அதே வேகம். குரல் குழறுச்சு, ஆனா வார்த்தை வந்துச்சு. அம்மா பயந்து நிறுத்திட்டாங்க. ஆச்சி நிறுத்தலை.

யோசிச்சு புதுசா பேசுற பேச்சு போனாலும், வருஷக்கணக்கா பழகின பாட்டு சில பேருக்கு நிக்கும்னு டாக்டர் சொன்னார். அத்தை பையன் அதைக் கேட்டுட்டு, "அப்போ டேப் ரெக்கார்டர் ஓடுற மாதிரிதான். ஆச்சிக்கு என்ன சொல்றோம்னே தெரியாது"ன்னான். எனக்குக் கோபம் வந்துச்சு. ஆனா அவன் கேட்டதும் ஆபீஸ் நண்பர் கேட்டதும் ஒரே கேள்விதான்.

அடுத்த செவ்வாய் நான் ஆச்சி கையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கவசம் படிச்சவங்களுக்குத் தெரியும், தலையிலேர்ந்து ஒவ்வொரு உறுப்பா பேர் சொல்லி வேலைக் காவலுக்குக் கூப்பிடுற பகுதி. கை வர்ற இடத்துல ஆச்சி இடது கையை மெதுவா தூக்கி, அசையாம கிடந்த வலது கை மேல வச்சாங்க. அந்த அடி முடியுற வரைக்கும் எடுக்கலை. அதுவும் பழக்கம்தான்னு அத்தை பையன் சொல்லலாம். சொல்லட்டும். நல்லா இருந்த காலத்துல ஆச்சி அப்படி கை வச்சு நான் பார்த்ததே இல்லை. அடுப்புல பால் பொங்குதான்னு பார்த்துக்கிட்டே, காய் நறுக்கிக்கிட்டே, நடுவுல எங்களைத் திட்டிக்கிட்டேதான் கவசம் சொல்லுவாங்க. மனசு பாதி மட்டும் இருந்த அத்தனை காலையும் சேர்ந்துதான், வேற ஒரு வார்த்தையும் இல்லாத இந்தச் சாயங்காலத்துக்கு அந்தப் பாட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கு. மனசு முழுசா இருக்கிற நாள்ல மட்டும்தான் சொல்லுவேன்னு ஆச்சி இருந்திருந்தா, கட்டில்ல "அது" மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

நெட் இல்லாத நேரத்துக்கு ஆஃப்லைன்ல சேவ் பண்ணின மாதிரின்னு சொல்ல என் தொழில் புத்தி இழுக்குது. சரியா வரலை. ஃபைல் போன்ல இருக்கும், போன் அதைப் பாடாது.

பாம்பன் சுவாமிகள் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1923 டிசம்பர்ல சென்னையில குதிரை வண்டி மோதி கால் எலும்பு முறிஞ்சு, பொது மருத்துவமனையில சேர்த்தாங்க. அப்போ சீடர்கள் பாராயணம் பண்ணினது ஷண்முக கவசம், 1891-ல சுவாமிகளே இயற்றினது. எலும்பு கூடினதையும் மயில் காட்சியையும் அடியார்கள் மயூர வாகன சேவனமா இன்னைக்கும் கொண்டாடுறாங்க. எனக்கு அந்த அற்புதத்துக்கு முன்னாடி வர்ற இடம்தான் மனசுல நிக்குது. எழுதினவர் படுத்திருக்கார். அவர் பாட்டை அவருக்காக வேற ஒருத்தர் வாய் சொல்லுது. அம்மா ஆரம்பிச்சு ஆச்சி தொடர்ந்தாங்களே, அது மாதிரி.

ஷண்முக கவசத்துல 30 பாட்டு. அ, ஆ-ன்னு பன்னிரண்டு உயிர், அப்புறம் க-வில் தொடங்கி ன வரைக்கும் பதினெட்டு மெய் வரிசை, எழுத்துக்கு ஒரு பாட்டு. அடுத்த பாட்டு எதுன்னு மறந்துட்டா அரிச்சுவடியே எடுத்துக் கொடுக்கும். அதை இப்போ பஸ்ல நின்னுக்கிட்டு படிச்சுக்கிட்டு இருக்கேன். கண்டக்டர் "டிக்கெட், டிக்கெட்"னு வந்தா மறந்துரும், திரும்ப அ-விலேர்ந்து. நேத்து வரைக்கும் 'த' முடிஞ்சிருக்கு. இன்னும் பதினொண்ணு பாக்கி.