சில்லறையும் செல்வமும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, எதிர் வீட்டு நண்பர் ஒரு கிண்ணம் நிறையக் கற்கண்டுடன் வந்து சேர்ந்தார். தபால் இலாகாவில் முப்பது ஆண்டு குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். வீண் ஆரவாரம் அறியாதவர். அன்று மட்டும் அவர் முகத்தில் கல்யாணக் களை.

"என்ன விசேஷம்?" என்றேன்.

"அமெரிக்காவிலிருந்து பையன் பேசினான், சார். அங்கே சிபோட்லே என்று ஓர் ஓட்டல் கம்பெனியாம். அதில் நாலு ஷேர் வாங்கி வைத்திருந்தான். ஒரே ராத்திரியில் நாலும் இருநூறு ஆகிவிட்டது!"

காப்பி கொண்டு வந்த என் மனைவி, "அப்படியானால் ஒரு ஷேரின் விலை என்ன ஆயிற்று, அண்ணா?" என்று கேட்டாள்.

நண்பர் சற்றுத் தயங்கினார். "முன்பு மூவாயிரம் டாலருக்கு மேல். இப்போது அறுபத்தைந்து டாலர் அளவில் இருக்கிறதாம்."

"நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை மாற்றினதற்கா கற்கண்டு?" என்று அவள் சிரித்தாள். ஆனாலும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளத் தவறவில்லை.

கணக்குப்படி அவள் சொன்னதே சரி. அந்தக் கம்பெனி ஒவ்வொரு பங்கையும் ஐம்பதாகப் பிரித்தது, அவ்வளவுதான். நேற்றைக்குக் கம்பெனியில் எவ்வளவு பாத்தியதையோ அவ்வளவேதான் இன்றைக்கும். அதனால் ஓர் அடுப்பு கூடவில்லை. பசியோடு வந்தவர்களில் ஒரு தலை கூடவில்லை. லாபத்தில் பங்கு கொடுக்கும் கம்பெனியாக இருந்தால், ஒரு ஷேருக்குக் கிடைக்கும் தொகையும் அதே விகிதத்தில் சுருங்கிவிடும்.

அப்படியானால் நண்பரின் மகிழ்ச்சி வெறும் பிரமைதானா? அவர் போன பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இன்னொரு பழைய ஓட்டல் கம்பெனியின் கதையைப் பாருங்கள். மெக்டொனால்ட் கம்பெனி 1965ஆம் ஆண்டு ஏப்ரலில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. பங்கு ஒன்று இருபத்திரண்டரை டாலர். நூறு பங்கு வாங்கியவர் கொடுத்தது 2,250 டாலர். அதன் பிறகு 1999 வரை பன்னிரண்டு தடவை பிரிப்பு நடந்தது. ஒன்றையும் விற்காமல் வைத்திருந்தவரின் நூறு பங்கு 74,360 ஆயிற்று. 2024 முடிவில் பங்கு ஒன்று சுமார் 290 டாலர். ஆக, இரண்டு கோடி டாலருக்கு மேல்!

"பிரிந்து பிரிந்தே பெருகிவிட்டது" என்று யாருக்கும் சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். கம்பெனி 1965இல் இருந்தபடியே இருந்துகொண்டு, பங்கை மட்டும் பன்னிரண்டு தடவை பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பங்கு ஒன்று மூன்று சென்டுக்குப் போயிருக்கும். 74,360 பங்குக்கும் சேர்த்து அதே 2,250 டாலர்தான்.

இன்னொன்றும் உண்டு. 1999 முடிவில் பங்கின் விலை 40 டாலர் அளவில் இருந்தது. 2003 மார்ச்சில் 12 டாலர் அளவுக்கு விழுந்தது. அந்த வீழ்ச்சியில் 74,360 என்ற எண்ணில் ஒன்று குறைந்ததா? இல்லை. செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. எண்ணிக்கை மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு 12 டாலர் 290 ஆனபோதும் ஒரு தடவைகூடப் பிரிப்பு நடக்கவில்லை. எண்ணிக்கைக்கு வளர்க்கவும் தெரியாது, காக்கவும் தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வளர்த்தது யார்? விடியுமுன் கடையைத் திறந்தவர்கள், கொதிக்கும் எண்ணெய்க்கு எதிரே நின்றவர்கள், நம்பி வந்து காசு கொடுத்துச் சாப்பிட்டவர்கள். நெடுங்காலம் பங்கை வைத்திருந்தவர் செய்தது ஒன்றே ஒன்று: பொறுத்திருந்தார். அது எளிய காரியம் என்று நான் சொல்லமாட்டேன். பங்கு இரண்டாகும்போது, "ஒன்றை விற்றால் என்ன? இனாமாக வந்ததுதானே!" என்று மனம் குழைகிறது. தன் வீட்டில் பாதியை விற்கிறோம் என்ற நினைவே வருவதில்லை. பிரிப்பு அவருக்குக் கொடுத்த பரிசு எதுவுமில்லை; வைத்த பரீட்சை ஒன்று உண்டு.

பின் யாருக்குத்தான் இதனால் நன்மை? வெளியே நிற்பவருக்கு. மூவாயிரம் டாலர் கொடுத்து ஒரு பங்கு வாங்க முடியாத கூலிக்காரரும் அறுபத்தைந்து டாலர் கொடுத்து வாங்கலாம். பங்கின் துண்டு துணுக்கை வாங்கவும் இன்று அங்கே வழியுண்டு என்றாலும், முழுசாக ஒன்று தன் பேரில் இருப்பது ஒரு நிமிர்வு அல்லவா? பிரிப்பை அறிவித்தபோதே சிபோட்லே கம்பெனி, தன் கிளைகளின் மானேஜர்களுக்கும், இருபது ஆண்டுக்கு மேல் உழைத்த ஊழியர்களுக்கும் ஒரு தடவை பங்குகள் வழங்குவதாகச் சொன்னது. எனக்கு அந்தச் செய்தியில் கற்கண்டுக்குரியது அதுதான் என்று தோன்றியது.

பங்கைப் பிரிப்பவர்கள் வீட்டைப் பெரிதாக்குவதில்லை, வாசற்படியைத் தாழ்த்துகிறார்கள். உள்ளே இருப்பவர் தமக்கு ஓர் அறை கூடிவிட்டதாக நினைத்து மகிழ்ந்தால் அது அறியாமை. வாசல் தாழ்ந்ததால் நாலு பேர் உள்ளே வரட்டும் என்று மகிழ்ந்தால் அதற்குப் பெயர் பண்பு. மகிழ்ச்சி ஒன்றுதான், காரணத்தில் இருக்கிறது மனிதனின் தரம்.

2025 அக்டோபர்க் கடைசியில் நண்பர் மறுபடியும் வந்தார். கையில் கிண்ணம் இல்லை.

"இருநூறு ஷேரும் அப்படியே இருக்கிறது, சார். விலைதான் பாதியாகிவிட்டது. கடைக்கு வரும் கூட்டம் குறைந்துவிட்டதாம்."

"பையன் என்ன சொல்கிறான்?"

"'ஷேரை எண்ணிக்கொண்டிருந்து பிரயோஜனமில்லை, அப்பா. சாப்பாடு எப்படி இருக்கிறது, கூட்டம் திரும்புமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்' என்கிறான்."

என் மனைவி உள்ளே போய் ஒரு தட்டில் கற்கண்டு கொண்டு வந்து அவர் முன் வைத்தாள்.

"எதற்கு அம்மா?" என்றார் அவர்.

"இதற்குத்தான், அண்ணா!" என்றாள்.