கயிற்றின் மறுமுனை

சீடன்: ஐயா, இத்தாலியின் ஓர்க்கோ பள்ளத்தாக்கில் 'கிரீன்ஸ்பிட்' என்றொரு விரிசல், கவிழ்ந்த பாறையின் அடிவயிற்றில் ஓடுகிறது. ரொபெர்ட்டோ பெருக்கா பாறையில் துளையிட்டு அடித்த பச்சை போல்ட்டுகளால் வந்த பெயர். 2005-ல் டிடியே பெர்த்தோ அந்த போல்ட்டுகளின் துணையின்றி, விரிசலில் செருகிக் கழற்றும் கேம்களைத் தானே பொருத்திக்கொண்டே ஏறினார். நானும் போல்ட் அடித்த ஒரு வழியில் அப்படி ஏறப்போகிறேன். போல்ட்டுகள் இருக்கட்டும், நான் தொடமாட்டேன். இதில் தவறு உண்டா?

குரு: 'இருக்கட்டும்' என்றாயே, பாதி அறம் அதில் இருக்கிறது. படகோனியாவின் செர்ரோ டோரே சிகரத்தில் 1970-ல் மேஸ்த்ரி என்ற மலையேறி, துளையிட கம்ப்ரெசரைத் தூக்கிப்போய் நானூறு போல்ட் வரை அடித்தார். 2012-ல் ஹேடன் கென்னடியும் ஜேசன் க்ரக்கும் அவற்றைப் பெரும்பாலும் தொடாமல் ஏறினார்கள். இறங்கும்போது நூற்றுக்கு மேல் பிடுங்கிவிட்டார்கள். மேஸ்த்ரி செய்தது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் தொடாமல் ஏறியது அவர்கள் விரதம். பிடுங்கியது அடுத்தவர் இலையில் கை வைத்தது.

சீடன்: கைக்கெட்டும் தூரத்தில் போல்ட் இருக்கும்போது அது விரதமாகுமா? பயம் வந்தால் மாட்டிக்கொள்ளலாமே.

குரு: சோறில்லாத வீட்டில் இருப்பது பட்டினி. அடுப்பில் உலை கொதிக்கிற வீட்டில்தானப்பா விரதம் இருக்க முடியும்?

சீடன்: போல்ட் அடிக்காமல் கேம் வைப்பதுதானே பாறைக்கும் நல்லது?

குரு: எந்தப் பாறைக்கு? ஜெர்மனியின் சாக்சனி மணற்பாறையில் கேமுக்கும், விரிசலில் செருகும் உலோக நட்டுக்கும் அனுமதி இல்லை. உலோகம் அழுத்தினால் கல் உதிரும். முடிச்சுப் போட்ட நாடாவைத்தான் விரிசலில் செருகுகிறார்கள். கல்லைக் கேட்டுத்தான் கருவியை எடுக்க வேண்டும்.

சீடன்: நான் ஏறப்போவது கெட்டியான கருங்கல். பிறகு ஏன் தயங்குகிறீர்கள்?

குரு: நேற்று நீ கேம் வைத்ததைப் பார்த்தேன். விசையை இழுத்தாய், நான்கு பற்களும் சுருங்கின. விரிசலில் செருகி விட்டாய். மூன்று பற்கள் கல்லைக் கவ்வின. நான்காவது முழுக்க விரிந்து, கல்லில் படாமல் நின்றது. ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டாய்.

சீடன்: விழுந்தால் நான்தானே விழுவேன், ஐயா. என் உடம்பு, என் விரதம்.

குரு: அந்த கேம் பிடுங்கிக்கொண்டு வந்தால் நீ தரைக்கு வருவாய். கீழே கயிறு பிடித்து நிற்பவன், தொய்வை இழுக்க நேரமில்லாமல், அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். உனக்கு அது ஒரு நொடி. அவனுக்கு ஆயுள் முழுக்க. பக்கத்தில் போல்ட் இருந்ததே என்ற நினைப்பும் அவனோடு கிடக்கும். இந்த ஏற்றத்தில் அவனுக்கும் சம்மதமா?

சீடன்: கயிறு பிடிக்க வருகிறேன் என்றான்.

குரு: போல்ட்டில் மாட்டமாட்டாய் என்று தெரிந்தா சொன்னான்?

சீடன்: இல்லை. இன்னும் சொல்லவில்லை.

குரு: போய்ச் சொல்லிவிட்டு வா. கேம்கள் இங்கேயே இருக்கட்டும்.