தேசத்துக்கு எவர் முக்கியம்?

ஐக்கிய அமெரிக்காவில் குடியேறித் தொழில் தொடங்க விழையும் உயர்கல்வியாளர், முதலாளி ஒருவரின் வேலையுறுதி இன்றியும் மனுச் செய்யலாம். ஆயின், பிற தகுதிகளோடு, தம் முயற்சி தேச முக்கியத்துவமுடையதென்றும் மெய்ப்பித்தல் வேண்டும். 2016-இல் அந்நாட்டுக் குடியேற்ற மேல்முறையீட்டு அலுவலகம் அளித்த தீர்ப்பு, நலிந்த வட்டாரமொன்றில் பலருக்கு வேலையளிக்கும் தொழிலும் அத்தகுதி பெறக்கூடும் என்றது. பரப்பால் அளவாது பயனால் அளந்தனர்; இதனை நாம் வரவேற்கின்றோம்.

எனினும் அத்தீர்ப்பே, மனுதாரரின் ஆராய்ச்சியை ஏற்று, வகுப்பறைப் போதனையை மட்டும் அதன் பயன் துறை முழுதும் பரவுமெனக் காட்டப்படவில்லையென்று ஒதுக்கிற்று. போதனைக்கே இந்நிலை! நால்வருக்குக் கூலி கொடுக்கும் சிறு பட்டறைக்காரர் என் செய்வார்? உள்ளதை எழுதின் மனுத் தோற்கும். நானூறு பேரென எழுதின் நா கூசும். நாளை நிகழவிருப்பதற்கு இன்று சாட்சி சொல்லவும் ஆளில்லை. அளவுகோலே வேண்டாவென நாம் கூறவில்லை. அது நாணயஸ்தரையன்றோ முதலில் வெளியே நிறுத்துகின்றது?