வளைவில் தெளிதல்

ஒருவர் தம்முடைய திறமை என்று கருதி வரும் ஒன்றில் எவ்வளவு பங்கு அவருக்கு உரியது, எவ்வளவு பங்கு அவர் சார்ந்து நிற்கும் பொருளுக்கு உரியது என்பது சைவ சித்தாந்தத்தின் நடுவே நிற்கும் வினாக்களுள் ஒன்று. அதை ஆராய மோட்டார் சைக்கிளை விட எளிய சான்று கிடைப்பது அரிது. பல ஆண்டுகள் ஒரே வகை வண்டியை ஓட்டி, வளைவுகளில் சிறிதும் தயங்காமல் திரும்பி வந்த ஒருவர், வேறு அமைப்புள்ள வண்டிக்கு மாறிய முதல் வாரத்தில், தாம் நூறு முறை கடந்த அதே வளைவில் கை இறுகி, தோள் விறைத்து, தமக்குரிய பாதியை விட்டு அகன்று போகிறார். சாலை மாறவில்லை, ஓட்டுபவரும் மாறவில்லை, ஆயினும் துணிவு இல்லாமற்போயிற்று. அப்படியானால் அந்தத் துணிவு அதுவரை எங்கே இருந்தது என்று கேட்பது வெறும் வாகனப் பயிற்சி பற்றிய கேள்வி ஆகாது.

புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல், அன்னவாசல் வழியாக இலுப்பூருக்கும், அங்கிருந்து விராலிமலைக்கும் செல்லும் சாலை இந்த வினாவுக்குப் பொருத்தமான களம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போல அச்சுறுத்துபவை இப்பகுதியில் இல்லை. சமவெளியில், குளத்தின் கரையை ஒட்டியும் தைலமரத் தோப்பைச் சுற்றியும் வளைகின்ற வளைவுகளே இங்கு உள்ளவை. மலைப்பாதையில் செல்பவர் எச்சரிக்கையோடே ஏறுகிறார்; சமவெளி வளைவோ, நேர்ச்சாலையின் வேகத்தில் வருபவரிடம், தன் முடிவைக் கரைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு திடீரென்று எதிர்ப்படுகிறது. மழைக்குப் பின் ஓரத்திலிருந்து அடித்து வந்த செம்மண் சரளையும், அறுவடைக் காலத்தில் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பிவைக்கப்பட்ட கதிரும் அந்த முடிவில் காத்திருக்கக்கூடும். இச்சாலையின் ஒருபுறம் சமணத் துறவியர் தங்கிய குன்று நிற்கிறது; மறுபுறம் இலுப்பூரின் பொன்வாசிநாதர் கோயிலும் அதற்கு அப்பால் விராலிமலை முருகன் கோயிலும் நிற்கின்றன. எனவே வினாவுக்கு விடை தேட இரண்டு மரபுகள் அருகிலேயே கிடைக்கின்றன.

இரு சக்கர வண்டி வளைவில் திரும்புவது சாய்வினால். வேகமும் வளைவின் ஆரமும் சேர்ந்து சாய்வின் அளவைத் தீர்மானிக்கின்றன. வண்டியின் எடைக்கு அதில் பங்கில்லை. 25 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 27 பாகை சாய வேண்டும். 50 கிலோமீட்டராக வேகம் கூடினால் சாய்வு 38 பாகையாகிவிடும். பத்துக் கிலோமீட்டர் வேறுபாடு பதினொரு பாகையைக் கேட்கிறது என்பதை உடல் அறியும் முன்பே வளைவு தொடங்கிவிடுகிறது. அந்தச் சாய்வை உண்டாக்கும் வழியும் விந்தையானது: இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் இடக்கைப் பிடியை முன்னோக்கி அழுத்த வேண்டும், முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் ஒதுங்க, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. இதற்கு எதிர்த்திருப்பம் என்று பெயர். விமானத்தை உருவாக்கிய ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், சைக்கிள் ஓட்டுபவர் பலரிடம் இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, ஒருவரும் தாம் செய்வதைச் சரியாகச் சொல்லவில்லை என்று கண்டார். ஹங்கேரியில் பிறந்த சிந்தனையாளர் மைக்கேல் பொலானி, 1958இல் வெளிவந்த தம் நூலில், சைக்கிளின் சமநிலைக்கு உரிய விதியை எழுத்தில் தந்துவிட்டு, அதைத் தெரிந்துகொண்டதால் ஒருவரும் சைக்கிள் ஓட்டக் கற்றுவிட முடியாது என்று காட்டினார். செய்பவருக்கே தெரியாமல் செய்கையில் உறைந்திருக்கும் இத்தகைய அறிவு, வண்டி மாறும்போதுதான் தன் இருப்பைக் காட்டுகிறது.

நிமிர்ந்த இருக்கையும் முழங்காலுக்கு நேர்கீழே கால்மிதியும் உள்ள சாதாரண வண்டியிலிருந்து, இருக்கை தாழ்ந்து கால்கள் முன்னே நீண்டிருக்கும் குரூசர் வகைக்கு மாறுபவரின் நிலையைப் பார்க்கலாம். குரூசரின் சக்கரங்களுக்கு இடையே தொலைவு அதிகம். முன்சக்கரத்தைத் தாங்கும் கவை கூடுதலாகச் சாய்ந்திருக்கும். அதனால் நேர்ச்சாலையில் அசையாமல் செல்லும் வண்டி, வளைவில் சாய்வதற்கு மெதுவாகவே இசைகிறது. பழைய வண்டியில் கால்மிதியை அழுத்தி, தொடையால் டேங்கைப் பற்றி, இடுப்பிலிருந்து சாய்ந்து பழகியவருக்கு, முன்னே நீண்ட கால்களைக் கொண்டு அவ்வாறு செய்ய வழியில்லை. இவ்வகையில் பல வண்டிகள் 30 பாகை அளவில் சாய்ந்ததுமே கால்மிதி தார்ச்சாலையில் உரசத் தொடங்குகிறது. அந்த உரசல் ஓசை முதன்முறை கேட்கும்போது ஓட்டுபவர் திடுக்கிட்டு வண்டியை நிமிர்த்திவிடுகிறார். நிமிர்ந்த வண்டி நேரே போகிறது. இடப்பக்க வளைவானால் எதிர்வரும் பேருந்தின் முன்னும், வலப்பக்க வளைவானால் சாலையோரச் சரளையிலும் அது கொண்டுபோய் விடும்.

தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பின்சக்கர பிரேக் இடக்காலிலும் இருந்தன. பின்னர் வந்தவற்றில் இவை இடம் மாறின. பழைய புல்லட்டிலிருந்து புதிய வண்டிக்கு வந்தவர், அமைதியான சாலையில் புதிய முறைப்படி தவறின்றி ஓட்டுவார். ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தால் மட்டும் அவருடைய இடக்கால் பழைய பிரேக்கைத் தேடிக் கியரை மிதித்துவிடும். அறிவு மாறியிருந்தும் கால் மாறவில்லை.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் இயற்றிய சிவஞானபோதத்தை அடியாகக் கொண்ட சைவ சித்தாந்தம், உயிரின் இயல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்று விளக்குகிறது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையைத் தன் தன்மையாக ஏற்றுக்கொள்வது உயிரின் இயல்பு என்பது இதன் பொருள். அருகிலுள்ள பொருளின் நிறத்தைத் தன் நிறம் போலக் காட்டும் படிகம் இதற்கு வழக்கமான உவமை. பழைய வண்டியின் எடையும் நீளமும் இசைவும் ஓட்டுபவரிடம் அவருடைய துணிவாகவே தோன்றிவந்தன. சார்பு மாறியதும் நிறமும் மாறிற்று. காலில் தங்கிய பழக்கத்துக்கும் இம்மரபில் சொல் உண்டு. பெருங்காயம் வைத்த பாண்டத்தில், பெருங்காயம் தீர்ந்த பின்னும் மணம் நிற்பது போல, உயிரைப் பிணிக்கும் அழுக்காகிய மலம் நீங்கிய பின்னும் எஞ்சும் பழக்கத்தின் சாயலை வாசனாமலம் என்பர். வாழும்போதே வீடுபேறு எய்திய சீவன்முத்தரையும் அது தாக்கக்கூடும் என்பதால்தான் அடியார் கூட்டமும் ஆலய வழிபாடும் அவர்களுக்கும் வேண்டும் என்று பன்னிரண்டாம் சூத்திரம் வற்புறுத்துகிறது என்பது உரை மரபு. ஞானிக்கே இந்த நிலை என்றால், புதிய வண்டியில் தடுமாறுபவர் தம்மைக் கோழை என்று எண்ணி நாணுவதற்கு இடமே இல்லை. இந்த ஆறுதல் சிறிதன்று. நாணத்தை மறைக்க வேகத்தைக் கூட்டுவோர் பலர் இருக்கும் நாட்டில் இது உயிர் காக்கும் ஆறுதல்.

துணிவு ஏன் போயிற்று என்பதைச் சைவம் விளக்குகிறது. அது எவ்வாறு திரும்பும் என்பதற்குச் சித்தன்னவாசல் குன்றின் மரபிடம் கேட்கலாம். அக்குன்றின் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் கிறித்து பிறப்பதற்கு முற்பட்டதாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமி எழுத்து காணப்படுகிறது. சமணர் வீடுபேற்றுக்கு உரிய நெறியை மும்மணி என்பர்: நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். இவற்றுள் முதலில் வைக்கப்படுவது காட்சி. இல்லறத்தாருக்கு உரிய ஒழுக்கத்தைக் கூறும் தமிழ் நூலான அருங்கலச்செப்பும் நற்காட்சியிலிருந்தே தொடங்குகிறது. மெய்ப்பொருள்களை உள்ளவாறு கண்டு தெளிதலே நற்காட்சி. அது ஒருவருக்கு இயல்பாகவும் தோன்றலாம், பிறர் அறிவுறுத்தலாலும் தோன்றலாம் என்று உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கூறும். காண்பதையும் நம்புவதையும் ஒரே சொல்லால் குறித்த இம்மரபின் நுட்பம் வளைவில் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது.

அச்சம் கொண்ட கண், தான் அஞ்சும் பொருளையே பற்றிக்கொள்கிறது. கரையோரத்து மைல்கல்லில் மோதிவிடுவோமோ என்று அதையே பார்ப்பவரின் தோளும் கையும் அதை நோக்கியே திரும்ப, வண்டியும் அங்கேயே செல்கிறது. வளைவின் முடிவை நோக்கித் தலையைத் திருப்பியவருக்கோ, கை அறியாமலேயே உரிய அழுத்தத்தைத் தந்துவிடுகிறது. நோக்கு முதலில் வருகிறது. கையின் அறிவும் செய்கையும் அதைத் தொடர்கின்றன. துணிவு வந்த பின் அங்கே பார்க்கலாம் என்று காத்திருப்பவருக்குத் துணிவு வருவதில்லை.

ஆராயாமல் முதலில் நம்பு என்று சொல்வது மூடத்தனம் ஆகாதா என்ற தடை இங்கு எழும். புதிய வண்டியின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே வீட்டுக்கு எடுத்துச் செல்வது இப்பகுதி வழக்கம். அதைச் செய்துவிட்டதால் ஒன்றும் நேராது என்று வேகம் கூட்டுவதை, சமணர் நற்காட்சிக்குப் பகையென்று எண்ணிய உலகமூடம், தேவமூடம், பாசண்டிமூடம் ஆகிய மூன்றில் ஒன்றாகவே கொள்ள வேண்டும். தம் உயிர் தம் கையில் மட்டும் இல்லை என்ற பணிவோடு செய்யப்படும் அதே செயலை அப்படித் தள்ளிவிட முடியாது. நம்பிக்கைக்கும் மூடத்துக்கும் உள்ள எல்லை எங்கே என்பதைத் திருக்குறளின் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரம் தெளிவாகவே வரைகிறது. தெளிதல் என்னும் சொல்லுக்கே நம்புதல் என்ற பொருள் உண்டு. ஆளைத் தேர்ந்தெடுக்கும் அரசனுக்குக் கூறிய அவ்வதிகாரம், ஆராயாமல் நம்புவதும், நம்பிய பின் ஐயுறுவதும் ஆகிய இரண்டையும் தீராத் துன்பம் என்கிறது. இவ்விரண்டும் வளைவில் செய்யப்படும் இரண்டு பெருந்தவறுகளே. வேகத்தைக் குறைக்காமல் வளைவுக்குள் நுழைவது முதலாவது. நுழைந்து சாய்ந்த பின் அஞ்சி முன்பிரேக்கை இறுகப் பிடிப்பது இரண்டாவது.

ஆகவே ஐயத்துக்கு உரிய இடம் வளைவுக்கு முன்னே உள்ள நேர்ச்சாலை. அங்கே ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, பிரேக் பிடித்து, கியரைக் குறைத்து, சரளை இருக்கிறதா, கதிர் பரப்பியிருக்கிறார்களா, கரை மறைக்கும் தொலைவுக்குள் நின்றுவிட முடியுமா என்று எவ்வளவு ஐயுற்றாலும் தகும். ஐயம் தீரும் அளவுக்கு வேகம் குறைந்த பின், தாடை வளைவின் முடிவை நோக்கித் திரும்புகிறது, உள்பக்கக் கை மெல்ல அழுத்துகிறது, வண்டி சாய்கிறது, ஆக்சிலேட்டர் நூலளவு திறந்தபடி மாறாமல் நிற்கிறது. புதிய வண்டியில் இதை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே வளைவில் பலமுறை செய்பவர், முழங்கை மடிந்திருக்கிறதா, பிடி தளர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் கவனித்துவந்தால் போதும். மேகம் விலகும்போது கதிரவனின் வெப்பமும் ஒளியும் ஒருங்கே தோன்றுவது போல, காட்சி நற்காட்சியாகும் அக்கணமே அறிவும் நல்லறிவாகிறது என்று சமண உரையாசிரியர் பூச்சியபாதர் கூறியதன் உண்மையை, ஒருநாள் பத்தாவது முறையோ பதினைந்தாவது முறையோ கை தானே இளகும்போது அவர் அறிவார்.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. அதை மறைப்பது அக்குன்றில் தங்கியவர்களுக்குச் செய்யும் நேர்மையாகாது. சமணத் துறவியர் எந்த ஊர்தியிலும் ஏறுவதில்லை. ஈரியா சமிதி என்னும் நடைக்கட்டுப்பாட்டின்படி, நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழத் தொலைவு, முன்னே நிலத்தைப் பார்த்து, ஊர்வனவற்றை மிதிக்காமல் பகலில் மட்டுமே நடப்பார்கள். வளைவின் முடிவை நோக்கும் கண்ணுக்கு அந்த நான்கு முழத்தில் கிடக்கும் ஓணானும் நத்தையும் தெரிவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடந்துவிடுபவருக்கு, நான்கு முழத்தைப் பார்ப்பது எவரையும் காப்பாற்றாது. தொலைவாகப் பார்த்தால்தான் எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளையைக் காக்க முடியும். ஊர்தியை ஏற்றுக்கொண்ட இல்லறத்தார் இவ்வாறு சில உயிர்களைக் காணும் வாய்ப்பை இழந்தே பிற உயிர்களைக் காக்கிறார்கள். மழை விட்ட மாலையில் அன்னவாசலிலிருந்து இலுப்பூர் நோக்கி வருபவர், குளத்துக் கரை வளைவில் தவளைகள் சாலையேறும் நேரத்தில், இன்னும் வேகத்தைக் குறைத்தால் நோக்கு இரண்டையும் ஓரளவு எட்டும்.